ஆறாவது இடத்தில் ஒரு வாலின்

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்று பெரிய பாடங்கள். முதல் இரண்டுக்கும் மாணவர்களிடம் தானாகவே மரியாதை வந்துவிடுகிறது. எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இதயம் துடிப்பதை ஸ்டெதஸ்கோப்பில் கேட்கலாம். உயிர்வேதியியலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருபது அமினோ அமிலங்களின் பெயர்கள், கிளைகாலிசிஸின் பத்துப் படிகள், கிரெப்ஸ் சுழற்சியின் நொதிகள், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று பரீட்சைக்கு முந்தைய இரவு உருப்போட்டு, பரீட்சை முடிந்த மாலையே மறந்துபோகும் பட்டியல்களாகத்தான் பலருக்கு அது மிஞ்சுகிறது. நோயாளியின் படுக்கைக்கும் இந்தப் பட்டியல்களுக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதற்கு முழுப் பதிலும் சொல்லிவிட முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த நோய் சிக்கிள் செல் ரத்தசோகை. அரிவாள் செல் நோய் என்று பாடநூல்கள் எழுதுவது இதைத்தான்.

சிவப்பணுவிலிருந்து தொடங்குவோம். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றுக்கு இடம்விட்டுத்தானோ என்னவோ, இந்த அணு முதிரும்போதே தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் போய்விடுகின்றன. உடல் முழுக்க ஆக்சிஜன் சுமந்து கொடுக்கும் இந்த அணு, அந்த ஆக்சிஜனை எரித்துத் தனக்குச் சக்தி தேடிக்கொள்வதில்லை. குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றி, ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏ.டி.பி. என்ற சொற்ப வருமானத்தில் சுமார் 120 நாள் ஓடுகிறது. மருத்துவருக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. உட்கருவும் ரைபோசோமும் இல்லாத அணுவால் புதிதாக ஒரு புரதம்கூடச் செய்ய முடியாது. முதிர்ந்து முடிந்தபோது எந்த ஹீமோகுளோபின் உள்ளே இருந்ததோ, சாகும்வரை அதேதான்.

அந்த ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஒரு ஹீம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு, அதில் வந்து உட்கார ஓர் ஆக்சிஜன். நான்கு சங்கிலிகளும் பேசிவைத்துக்கொண்டதுபோல் சேர்ந்தே இயங்குகின்றன. ஓர் ஆக்சிஜன் ஏறியதும் மூலக்கூறின் வடிவமே சற்றுத் திரும்பி, அடுத்தது ஏறுவது எளிதாகிறது. திசுக்களில் ஒன்று இறங்கியதும் மற்றவையும் எளிதாக இறங்குகின்றன. கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் எக்ஸ்-கதிர்ப் படங்களோடு மல்லுக்கட்டி இந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1962-ல் நோபல் பரிசு வந்தது. ஆக்சிஜனோடு இருக்கும்போது ஒரு வடிவம், ஆக்சிஜனை விட்டபின் இன்னொரு வடிவம் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயின் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இப்போது பீட்டா சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், மீண்டும் குளூட்டாமிக் அமிலம், லைசின். ஆறாவதாக நிற்பது குளூட்டாமிக் அமிலம். சிக்கிள் செல் நோயாளியிடம் அந்த ஆறாவது இடத்தில் வாலின் நிற்கிறது. மற்ற 145 இடங்களிலும் எந்த மாற்றமும் கிடையாது. ஆல்ஃபா சங்கிலி அப்படியே இருக்கிறது, ஹீம் அப்படியே இருக்கிறது. நீர்த்த கரைசலில் தனித்தனியாக மிதக்கும்போது ஆக்சிஜனை ஏற்றுவதிலும் இறக்குவதிலும்கூட இந்த மூலக்கூறு குறை வைப்பதில்லை.

அப்படியானால் எங்கே கெட்டது? அமினோ அமிலங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். பெயரைவிட முக்கியம், பக்கச்சங்கிலியின் குணம். குளூட்டாமிக் அமிலத்தின் பக்கச்சங்கிலியில், ரத்தத்தின் அமில-கார நிலையில், ஓர் எதிர் மின்னேற்றம் உண்டு. அது தண்ணீரோடு சுமுகமாக இருக்கும். வாலினுக்கு மின்னேற்றம் கிடையாது, தண்ணீரோடு ஒட்டாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் கரண்டி படாமலே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வட்டமாவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு எண்ணெய் மேல் தனி ஈர்ப்பு இருப்பதால் அது நடப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு எண்ணெயை ஒதுக்குவதால், ஒதுக்கப்பட்டவை ஒன்றுகூடுகின்றன. மூலக்கூறின் வெளிப்பரப்பில் தண்ணீரைப் பார்த்தபடி மாட்டிக்கொண்ட வாலினும் ஒதுங்க ஓர் இடம் தேடுகிறது.

அந்த இடம் பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஆக்சிஜனை விட்ட வடிவத்தில், பீட்டா சங்கிலியின் 85-வது இடத்து ஃபீனைல்அலனினும் 88-வது இடத்து லியூசினும் சேர்ந்து தண்ணீர் புகாத ஒரு சிறு குழியை உருவாக்குகின்றன. நம் எல்லோருடைய ஹீமோகுளோபினிலும் அந்தக் குழி உண்டு. அதில் போய் உட்காரும் வாலின்தான் நம்மிடம் இல்லை. நோயாளியிடம் இரண்டும் இருக்கின்றன. ஒரு மூலக்கூறின் வாலின் அடுத்ததன் குழியில் பொருந்த, அதன் வாலின் அதற்கடுத்ததில் பொருந்த, நீண்ட இழைகள் உருவாகின்றன. பதினான்கு இழைகள் முறுக்கிக்கொண்டு ஒரு விறைத்த நார் ஆகிறது. நார்கள் வளர்ந்து சவ்வை உள்ளிருந்து தள்ளும்போது, வட்டமாக நெகிழ்ந்து வளைய வேண்டிய அணு அரிவாள்போல் நீண்டு விறைத்துப்போகிறது. நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் ஏறினால் குழி மூடிக்கொள்கிறது, நார் கரைகிறது, அணு பழைய வடிவத்துக்கு வருகிறது. பல தடவை இப்படி விறைத்து நெகிழ்ந்த பிறகு சவ்வு பழுதாகி, சில அணுக்கள் திரும்ப முடியாமல் அரிவாளாகவே தங்கிவிடுகின்றன.

இவ்வளவையும் சில பத்திகளில் சொல்லிவிட்டேன். மனிதர்கள் இதைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1904-ன் கடைசியில், சிகாகோவில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற கிரெனடா தீவு இளைஞர் இருமலும் காய்ச்சலுமாக மருத்துவமனைக்கு வந்தார். எர்னஸ்ட் ஐயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது நீண்டு வளைந்த விசித்திர அணுக்கள் தெரிந்தன. மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் மருத்துவராகத் தொழில் நடத்தி, 1916-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். மருத்துவ நூல்களில் வெகுகாலம் அவர் பெயர்கூட இல்லை. பெயரில்லாத ஒரு நோயாளியாகவே இருந்தார்.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் நோயாளியையே பார்க்காத ஒரு வேதியியலாளர். 1945-ல் வில்லியம் காசல் என்ற மருத்துவர் லைனஸ் பாலிங்கிடம் இந்த நோயைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில்தான் அணுக்கள் வளைகின்றன என்று கேட்டதுமே, குற்றவாளி ஹீமோகுளோபினாகத்தான் இருக்க வேண்டும் என்று பாலிங் ஊகித்துவிட்டார். அதை நிரூபிக்கும் வேலை ஹார்வி இட்டானோ என்ற இளம் மருத்துவரிடம் வந்தது. இட்டானோ ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டின் தலைசிறந்த மாணவராகத் தேறியும், பட்டமளிப்பு விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்துவைத்திருந்தது. அவரும் அவர்களில் ஒருவர். அந்த மனிதர்தான் பிறகு கால்டெக்கில் உட்கார்ந்து, இயல்பான ஹீமோகுளோபினையும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டு, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார். எலக்ட்ரோபோரெசிஸ் என்று மாணவர்கள் செய்முறை வகுப்பில் பார்ப்பது இதைத்தான். மரபணுவைச் சுமந்தும் நோய்வாய்ப்படாதவர்களின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்து இருந்தன. 1949-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே ‘மூலக்கூறு நோய்’ என்று எழுதினார்கள். ஒரு நோயின் இருப்பிடத்தை உறுப்பிலோ கிருமியிலோ தேடாமல் ஒரு மூலக்கூறிலேயே சுட்டிக்காட்டிய முதல் கட்டுரை என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் மூலக்கூறின் எந்த இடத்தில் வித்தியாசம் என்று பாலிங் குழுவுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த வெர்னன் இங்கிராமின் சோதனைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. வசதியான கருவி எதுவும் அதில் கிடையாது. ஒரு நொதி, ஒரு பெரிய வடிதாள், கொஞ்சம் கரைப்பான், ஒரு சாயம், அவ்வளவுதான். 1956-ல் கேம்பிரிட்ஜில், பெரூட்ஸின் ஆய்வகத்தில், இங்கிராம் ஹீமோகுளோபினை டிரிப்சினோடு சேர்த்துவைத்தார். நம் சிறுகுடலில் புரதத்தைச் செரிக்கும் அதே டிரிப்சின்தான். லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் அடுத்து மட்டும்தான் அது வெட்டும், வேறெங்கும் கைவைக்காது. அந்தக் கறார்த்தனத்தால் நீளமான சங்கிலி எப்போதும் ஒரே மாதிரி இருபத்துச் சொச்சம் துண்டுகளாக உடைகிறது. அந்தக் கலவையை வடிதாளின் ஒரு பக்கத்தில் பொட்டு வைத்து, முதலில் ஒரு திசையில் மின்சாரம் செலுத்தினார்; துண்டுகள் தங்கள் மின்னேற்றத்துக்குத் தக்கபடி பிரிந்தன. பிறகு தாளைத் திருப்பி, செங்குத்துத் திசையில் கரைப்பானை ஏறவிட்டார். தண்ணீரோடு ஒட்டும் குணத்துக்குத் தக்கபடி மறுபடியும் பிரிந்தன. தாளை உலர்த்தி நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கியதும் ஊதா நிறப் புள்ளிகள் கிளம்பின. இயல்பான ஹீமோகுளோபினின் தாள் ஒன்று, நோயாளியுடையது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போயின, ஒன்றைத் தவிர. நான்காம் எண் கொடுத்த அந்தப் புள்ளி மட்டும் இடம் தள்ளி இருந்தது.

அந்தப் புள்ளியை வெட்டி எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவைதான் நாம் தாளில் எழுதிய எட்டு அமினோ அமிலங்கள். லைசினில் முடிவதைக் கவனியுங்கள். டிரிப்சின் வெட்டிய இடம் அது. ஒன்றில் குளூட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் மற்றதில் வாலின். எதிர் மின்னேற்றம் ஒன்று குறைந்ததால்தான் புள்ளி இடம் மாறியது. முழு மூலக்கூறில் பீட்டா சங்கிலி இரண்டு என்பதால் இரண்டு மின்னேற்றம் குறைகிறது. இட்டானோவின் கருவியில் வேகம் மாறியதும் அதனால்தான். இன்றைக்கும் கார ஊடகத்தில் எலக்ட்ரோபோரெசிஸ் செய்யும்போது நோயாளியின் எஸ் வகை ஹீமோகுளோபின் இயல்பான ஏ வகைக்குப் பின்தங்கி வருவது அதே கணக்கில்தான். மரபணுவில் நேரும் ஒரு மாற்றம் புரதத்தில் ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்ற முடியும் என்பதற்கு உலகம் பார்த்த முதல் வேதியியல் சான்று இங்கிராமின் அந்தத் தாள்.

டி.என்.ஏ.வின் மூன்றெழுத்துக் குறியீடு அப்போது யாருக்கும் தெரியாது. நிரன்பெர்க், ஹர் கோபிந்த் கொரானா போன்றவர்களின் உழைப்பால் 1966 வாக்கில் அது முழுமையாக விடுபட்டபோது இங்கிராமின் விடை கச்சிதமாகப் பொருந்தியது. குளூட்டாமிக் அமிலத்துக்கு ஜி-ஏ-ஜி, வாலினுக்கு டி.என்.ஏ.வில் ஜி-டி-ஜி. பதினோராம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் நடு எழுத்து ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. முந்நூறு கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து. அதைப் படித்துப் பார்க்கவும் வெகு சீக்கிரம் வழி பிறந்தது. அந்த இடத்தைச் சுற்றியுள்ள இயல்பான வரிசை சி-சி-டி-ஜி-ஏ-ஜி-ஜி. பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ஒரு வெட்டு நொதி இந்த வரிசையைக் கண்டால் வெட்டும். நடுவில் ஏ போய் டி வந்துவிட்டால் அடையாளம் தெரியாமல் விட்டுவிடும். துண்டின் நீளத்தை அளந்தாலே மரபணுவின் நிலை தெரிந்துவிடுகிறது. 1982-ல் இந்த முறையால் கருவிலிருக்கும் குழந்தைக்கே பரிசோதனை செய்ய முடிந்தது.

இனி படுக்கைக்கு வருவோம். அணுக்களுக்குள் இழை கோக்கும் ஹீமோகுளோபின் இருந்தும் நோயாளி பெரும்பாலான நாட்களில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். சில நாட்களில் மட்டும் வலியில் சுருண்டு விழுகிறார். ஏன்? 1970-களில் வில்லியம் ஈட்டனும் ஜேம்ஸ் ஹோஃப்ரிக்டரும் இதற்கு விடை கண்டார்கள். ஆக்சிஜன் போனதும் நார் உடனே உருவாவதில்லை; ஒரு தாமதம் இருக்கிறது. முதல் சில மூலக்கூறுகள் சேர்வதுதான் கடினம். சேர்ந்துவிட்டால் பிறகு மளமளவென்று வளர்ந்துவிடும். தந்துகிகளைக் கடக்க சிவப்பணுவுக்கு ஒரு நொடி போலத்தான் ஆகிறது. அந்தத் தாமதம் முடிவதற்குள் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் ஆபத்தில்லை. பெரும்பாலான அணுக்கள் பெரும்பாலான நேரம் அப்படித் தப்பித்துவிடுகின்றன.

அந்தத் தாமதம் ஹீமோகுளோபினின் செறிவைப் பொறுத்தது. சாதாரணமாகப் பொறுத்தது என்றால் போதாது. செறிவு சற்றே கூடினாலும் தாமதம் பல மடங்கு சுருங்கிவிடுகிறது. உடலில் கொஞ்சம் நீர் வற்றினால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் கெட்டிப்படும். நார் சீக்கிரமே உருவாகிவிடும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் அணு கடந்துபோக நேரமாகும். காய்ச்சலும் ரத்தத்தில் அமிலம் கூடுவதும் ஹீமோகுளோபினிடமிருந்து ஆக்சிஜனைச் சீக்கிரம் பிரித்துவிடும். வழியில் விறைத்த அணு தந்துகியை அடைக்கும். பின்னால் வருபவை தேங்கும். தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும். இன்னும் அணுக்கள் விறைக்கும். எலும்பு மஜ்ஜையில் இது நடக்கும்போது வரும் வலியைத்தான் நெருக்கடி என்கிறோம். நிறையத் தண்ணீர் குடியுங்கள், குளிரில் நனையாதீர்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று செவிலியர் சொல்லி அனுப்பும் மூன்று வாக்கியங்களும் சும்மா சொல்லும் அறிவுரை கிடையாது. மூன்றும் அந்த ஒரு நொடிக் கணக்கிலிருந்து வருபவை.

மற்ற அறிகுறிகளையும் இதே வேதியியலால் படித்துவிடலாம். விறைத்த அணுக்கள் 120 நாள் வாழாமல் 10 முதல் 20 நாட்களிலேயே உடைகின்றன. உடைந்த ஹீம் பிலிருபினாகிக் கண்ணை மஞ்சளாக்குகிறது, பித்தப்பையில் கல்லாகிறது. இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களைச் செய்கிறது, அதற்கு டி.என்.ஏ. நகலெடுக்க வேண்டும், நகலெடுக்க ஃபோலேட் வேண்டும். தினமும் ஒரு ஃபோலிக் அமில மாத்திரை அதற்குத்தான். மண்ணீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு அடைபட்டு, சிறு வயதிலேயே அது சுருங்கிச் செயலிழக்கிறது. நிமோனியாக் கிருமியை வடிகட்ட ஆளில்லாமல் போகிறது. குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் அந்தத் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. விலை மலிவான ஒரு பழைய மருந்து, சரியான வயதில், இத்தனை உயிர்களைக் காக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ரத்தசோகை என்றதும் கை தானாக இரும்பு மாத்திரைக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு அது சரிதான். ஆனால் இங்கே இரும்பு குறைந்து வந்த சோகை கிடையாது. அணு உடைந்து வந்த சோகை. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளியின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து கல்லீரலிலும் இதயத்திலும் படியத் தொடங்கியிருக்கும். அளந்து பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

இப்படிப்பட்ட ஒரு மரபணு எப்படி இத்தனை தலைமுறை நீடித்தது? கென்யாவில் வளர்ந்த மருத்துவர் அந்தோணி ஆலிசன் 1949-ல் அங்கே ஊர் ஊராக ரத்தம் எடுத்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் இந்த மரபணு மிகுதியாகவும், மலேரியா அண்டாத மேட்டுநிலங்களில் குறைவாகவும் இருந்தது. 1954-ல் அவர் முடிவை வெளியிட்டார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கு நோய் வருவதில்லை. கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை நோயில் விழுகிறது. மலேரியாக் காட்டில் ஒரு சமூகம் உயிர்பிழைத்ததற்குச் சில குழந்தைகள் கொடுத்த விலை இது.

அந்தக் காடுகளில் நம்முடையவையும் அடங்கும். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்த மரபணுவைக் கண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது தெரியவந்தது. இன்று இந்தியாவின் பல்வேறு பழங்குடிகளில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து நாற்பது பேர்வரை இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். தமிழ்நாட்டில் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் போன்ற மக்களிடமும், மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டிலும் இது உண்டு. இந்தியாவில் காணப்படும் வகையில் அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பு ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபடுகிறது. தனியாகத் தோன்றியதா, ஒரே மூலத்திலிருந்து பிரிந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அந்த அமைப்போடு ஒரு நல்ல விஷயமும் சேர்ந்துவந்தது. கருவில் இருக்கும்போது நமக்கெல்லாம் பீட்டா சங்கிலிக்குப் பதிலாக காமா சங்கிலி கொண்ட எஃப் வகை ஹீமோகுளோபின்தான். பிறந்தபின் அது படிப்படியாகக் குறைந்து ஏ வகை வருகிறது. எஃப் வகை இந்த நாரில் சேராது. இடையில் புகுந்து இழை நீளாமல் தடுக்கும். நோயுள்ள குழந்தை முதல் ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு கையும் காலும் வீங்கி அழத் தொடங்குவது அதனால்தான். இந்திய நோயாளிகள் பலருக்கு வளர்ந்த பிறகும் எஃப் வகை கணிசமாக மிஞ்சியிருப்பதால் நோயின் கடுமை சற்றுத் தணிகிறது. அதற்காக இங்கே இது லேசான நோய் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வலியில் துடித்தவர்களும் இளமையில் போனவர்களும் இங்கேயும் உண்டு.

மருந்தின் வழியையும் எஃப் வகைதான் காட்டியது. ஹைட்ராக்சியூரியா புற்றுநோய்க்குப் பயன்பட்ட பழைய மருந்து, டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளைச் செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதைக் குறைந்த அளவில் கொடுத்தால் எஃப் வகை கூடுகிறது. 1995-ல் முடிந்த பெரிய ஆய்வில் வலி நெருக்கடிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. காப்ஸ்யூலாக, இந்தியாவில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், எஃப் வகையை அணைத்துவைக்கும் பி.சி.எல்.11.ஏ என்ற மரபணுவின் சுவிட்சையே கிரிஸ்பர் கத்தரியால் வெட்டிவிடும் சிகிச்சைக்கு 2023-ன் கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அற்புதமான அறிவியல். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டிருப்பதைப் பார்க்கும்போது, இங்கேயே குறைந்த செலவில் இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் நீலகிரியின் பந்தலூர்க் காட்டோரத்தில் இருக்கும் குழந்தைக்கு இன்று வேண்டியது ஒரு பரிசோதனை, பென்சிலின், ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா, நேரத்துக்குக் கிடைக்கும் வலி மருந்து. இவை எல்லாவற்றுக்குமான அறிவு பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையில் வந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

பரிசோதனை கடினமானதல்ல. சோதனைக்குழாயில் டைதயோனைட் கலந்த கரைசல். அதில் விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டு. கரைசல் அணுக்களை உடைத்து ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சில நிமிடங்கள் கழித்துக் குழாயின் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிக்கிறார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் எஸ் வகை இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் இருக்கிறது. அந்தக் கலங்கல் வேறொன்றுமில்லை. ஆறாவது இடத்து வாலின் பக்கத்துக் குழியில் போய் உட்கார்ந்ததைத்தான் கண்ணால் பார்க்கிறோம். சுமப்பவரா, நோயாளியா என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. எஃப் வகை மிகுந்த பச்சிளங்குழந்தைகளிடம் ஏமாற்றியும் விடும். அதற்கு எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் வேண்டும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 40 வயதுவரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது.

சோதனையில் சுமப்பவர் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவர் நோயாளி அல்ல. அவரைத் திருமணத்துக்கு ஆகாதவர் என்று ஒதுக்குவது அறியாமை. சுமப்பவர்கள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அதை முன்கூட்டியே அறிந்துகொள்ள இன்று வழி இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதுதான் மருத்துவரின் வேலை.

முதலாண்டு மாணவரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குப் பணி கிடைக்கலாம். கையில் காயமில்லை, எக்ஸ்-ரேயில் முறிவில்லை, ஆனால் எலும்பெல்லாம் நோகிறது என்று ஒரு பழங்குடிப் பெண் வந்து நின்றால், நடிக்கிறாள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். வலி மருந்து கொடுங்கள், நீரேற்றுங்கள், ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.